மூத்திரத்தில் ரத்தமா? 'சூடு'ன்னு சும்மா இருக்காதீங்க! டெல்டா விவசாயிகளுக்குக் கைகொடுக்குமா புது ஆராய்ச்சிகள்?

தஞ்சாவூர்: குறுவை அறுப்பு நேரம். நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிற ஒருத்தர் காலையில் ஒன்னுக்குப் போகிறார். சிவப்பாக வருகிறது. வலி இல்லை, எரிச்சல் இல்லை. பக்கத்தில் இருக்கிறவரிடம் சொன்னால் என்ன பதில் வரும்? "ஒன்னுமில்லப்பா, சூடு பிடிச்சிருக்கு. ரெண்டு இளநி வெட்டிக் குடி, சரியாப் போயிடும்."

அவரும் குடிக்கிறார். மறுநாளே சரியாகவும் போய்விடுகிறது. வில்லங்கமே அங்கேதான் ஆரம்பம்.

ஒரத்தநாடு, பாபநாசம், திருத்துறைப்பூண்டி, பேராவூரணி... எந்த ஊருக்குப் போனாலும் இந்த 'சூடு' என்ற ஒரே வார்த்தைக்குள் நாலைந்து வியாதி ஒளிந்திருக்கிறது. நீர்க்கடுப்பும் சூடு. கல்லடைப்பும் சூடு. மூத்திரப் பையில் வளரும் கேன்சரும் சூடு. எது எது என்று பிரித்துப் பார்க்காமல் இளநீர், வெந்தயம், பார்லி கஞ்சி என்று மாசக்கணக்கில் ஓடிவிடுகிறது. அறுப்பு முடியட்டும், பொங்கல் முடியட்டும், பொண்ணு கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப் போட்டுப் போட்டு, கடைசியில் கட்டி கட்டியாக ரத்தம் அடைத்துக்கொண்டு மூத்திரமே வராமல் ராத்திரி ஆம்புலன்சில் ஏறுகிறார்கள்.

கடந்த சில வருஷங்களாக சிறுநீர்ப் பாதை நோய்களிலும் அந்த உறுப்புகளில் வரும் கேன்சரிலும் உலகம் பூரா பெரிய ஆராய்ச்சி முடிவுகள் வந்தபடி இருக்கின்றன. செய்தியில் பெரிதாக அடிபடுவது லட்ச ரூபாய் மருந்துகள்தான். ஆனால் கூலிக்குப் போகிறவருக்கு உண்மையில் உதவக் கூடியவை வேறே. எத்தனை நாள் ஆஸ்பத்திரிக்கு அலையணும், எத்தனை மாத்திரை வாங்கணும், ஆபரேஷன் வேணுமா வேண்டாமா என்ற கணக்கைக் குறைத்த ஆராய்ச்சிகள் அவை.

வலி இல்லாத ரத்தம்தான் ஆபத்து

முதலில் ஒரு விஷயம். கல் இருந்தால் முதுகில் இருந்து அடிவயிறு வரை துடிக்க வைக்கும். கிருமித் தொற்று என்றால் எரியும், காய்ச்சல் வரும். வலியே இல்லாமல், திடீரென்று சிவப்பாகப் போய், தானாகவே நின்றுவிட்டால்... அதைத்தான் டாக்டர்கள் சந்தேகப்படுகிறார்கள். வெளிநாட்டு ஆய்வுகளில், கண்ணுக்குத் தெரியும்படி ரத்தம் போய் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களில் பத்தில் ஒருவர் முதல் ஐந்தில் ஒருவர் வரை கேன்சர் இருந்திருக்கிறது. மீதிப் பேருக்கு வேறு காரணம். அதனால் பயந்து சாக வேண்டாம். பார்க்காமல் விடவும் வேண்டாம்.

(பீட்ரூட் சாப்பிட்டாலும் சிலருக்கு சிவக்கும். டிபி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஆரஞ்சு கலரில் போகும். அது ரத்தம் இல்லை.)

ரத்தம் நின்றுவிட்டதால் கட்டி போய்விட்டது என்று அர்த்தமில்லை. மூத்திரப் பைக் கட்டி விட்டு விட்டுத்தான் கசியும். ரெண்டு மாசம் சும்மா இருந்துவிட்டு மறுபடி காட்டும். இளநீர் குடித்து சரியானதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். இளநீர் பாவம், அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

பீடி, சிகரெட் பிடிக்கிறவர்கள் கூடுதலாக உஷாராக இருக்க வேண்டும். மூத்திரப் பைக் கேன்சரில் பாதிக்குக் காரணம் புகைதான் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். புகை போவது நுரையீரலுக்கு, வியாதி எப்படி மூத்திரப் பைக்கு வரும் என்று கேட்கிறவர்கள் உண்டு. புகையில் இருக்கும் விஷம் ரத்தத்தில் கலந்து, கிட்னி வடிகட்டி, மூத்திரத்தோடு பையில் மணிக்கணக்கில் தேங்குகிறது. அதுதான் வழி.

பெண்களுக்கு இன்னொரு சிக்கல். ரத்தம் போனால் 'மாதவிலக்குக் கோளாறு' என்றே நினைத்துவிடுகிறார்கள். மாதவிலக்கு நின்று வருஷக்கணக்கான அம்மாக்கள்கூட மகளிடமே சொல்வதில்லை.

சீக்கிரம் வந்தால் என்ன, லேட்டாக வந்தால் என்ன? வித்தியாசம் ரொம்பப் பெரிசு. கட்டி பையின் உள்தோலோடு இருந்தால், மூத்திர வழியாகவே கருவியை விட்டு சுரண்டி எடுத்துவிடுவார்கள். வயிற்றில் கத்தி படாது. ரெண்டு மூணு நாளில் வீடு திரும்பலாம். தசைக்குள் இறங்கிவிட்டால் பெரும்பாலும் பையையே எடுக்க வேண்டியிருக்கும். அதற்குப் பிறகு பலருக்கு வயிற்றில் ஓட்டை போட்டு, வெளியே ஒரு பை மாட்டி, அதில்தான் மூத்திரம் சேரும். அந்தப் பையோடு சேற்றில் இறங்கி அண்டை வெட்டுவதும், தோளில் மூட்டை ஏற்றுவதும் எப்படி முடியும்? யோசித்துப் பாருங்கள்.

கைத்தழும்பு ஊசியே மருந்து!

உள்தோல் கட்டியை சுரண்டி எடுத்தாலும் திரும்பத் திரும்ப முளைக்கும் குணம் அதற்கு உண்டு. அதைத் தடுக்க கொடுக்கும் மருந்து என்ன தெரியுமா? குழந்தை பிறந்ததும் தோளில் போடுகிறார்களே, தழும்பு விழும் பி.சி.ஜி. ஊசி... அதே கிருமிதான்!

பி.சி.ஜி.க்கும் தமிழ்நாட்டுக்கும் பழைய சொந்தம். நாட்டுக்கே பி.சி.ஜி. தயாரித்துக் கொடுக்க சென்னை கிண்டியில் 1948ல் ஆய்வகம் தொடங்கினார்கள். 1968ல் செங்கல்பட்டு மாவட்டத்தில் லட்சக்கணக்கான பேரை வைத்து மிகப் பெரிய பரிசோதனை நடந்தது. 15 வருஷம் கண்காணித்தும், பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் டிபியை அது தடுக்கவில்லை என்றுதான் முடிவு வந்தது. குழந்தைகளுக்கு வரும் கடுமையான டிபியைத் தடுப்பதால் இன்றும் போடுகிறார்கள்.

அதே மருந்தை 1976ல் கனடாவில் ஆல்வரோ மொராலஸ் என்ற டாக்டர் 9 பேருக்கு மூத்திரப் பைக்குள் விட்டுப் பார்த்தார். கட்டி திரும்ப வருவது குறைந்தது. அன்று முதல் இன்று வரை, ஆபத்து அதிகமுள்ள உள்தோல் கட்டிக்கு அதுவே முதல் மருந்து. வாரம் ஒரு முறை, 6 வாரம். சின்னக் குழாய் வழியாக உள்ளே விடுவார்கள். ரெண்டு மணி நேரம் அடக்கி வைத்திருந்துவிட்டு வெளியேற்றணும். அன்றைக்கு எரியும், காய்ச்சல் அடிக்கும். வாரம் ரெண்டு நாள் கூலி போச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் விட்டு விட்டுத் தொடர வேண்டியிருக்கும்.

2017ல் ஒரு பெரிய வெளிநாட்டுக் கம்பெனி இதைத் தயாரிப்பதை நிறுத்தியதும் பல நாடுகளில் தட்டுப்பாடு வந்தது. நம் நாட்டில் புனே சீரம் நிறுவனம் தயாரிக்கிறது. பி.சி.ஜி. பலிக்காதவர்களுக்காக, பைக்குள்ளேயே இருந்து கொஞ்சம் கொஞ்சமாக மருந்தை விடும் சின்னக் கருவிக்கு அமெரிக்கா 2025 செப்டம்பரில் அனுமதி கொடுத்தது. அது நம்மூர் வந்து சேர்ந்து விலை இறங்குவதற்குள் மேட்டூர் அணை எத்தனை தடவை திறக்குமோ!

கைதட்டிய மாட்ரிட்... வாங்க முடியாத மருந்து

2023 அக்டோபரில் ஸ்பெயின் நாட்டு மாட்ரிட் நகரில் நடந்த கேன்சர் மாநாட்டில் டாக்டர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். மூத்திரப் பைக் கேன்சர் உடம்பில் பரவிய 886 பேரிடம் நடந்த ஆராய்ச்சி முடிவு அன்று வெளியானது. பழைய கீமோ கொடுத்தவர்களில் பாதிப் பேர் சுமார் 16 மாசம் தாண்டினார்கள். 'என்ஃபோர்டுமாப்', 'பெம்ப்ரோலிசுமாப்' என்ற ரெண்டு புது மருந்தையும் சேர்த்துக் கொடுத்தவர்களில் பாதிப் பேர் 31 மாசத்துக்கு மேல் தாண்டினார்கள். 30, 40 வருஷமாக அசையாமல் கிடந்த வியாதியில் இது பெரிய சாதனை. மறுக்கவே முடியாது.

ஆனால் விலை? லட்சத்தில்தான் பேச்சு. அதுவும் மூணு வாரத்துக்கு ஒரு தடவை. ஒரு மா நிலம் வைத்திருப்பவர் அதை விற்றாலும் எத்தனை தவணைக்குக் காணும்? இந்த மருந்தைக் காட்டி நிலத்தை விற்கச் சொல்லும் சொந்தக்காரர்கள் இருப்பார்கள். முடிவெடுக்கும் முன் அரசு கேன்சர் டாக்டர் ஒருவரிடம், "இதனால எவ்வளவு நாள் கிடைக்கும், எவ்வளவு செலவாகும், இதை விட்டா வேறென்ன இருக்கு?" என்று மூணு கேள்வியையும் கேட்டுவிடுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

மும்பை டாடா மெமோரியல் ஆஸ்பத்திரி செய்த காரியம் நமக்குக் கொஞ்சம் பக்கம். பையை எடுத்த பிறகும் இடுப்புப் பகுதியில் கேன்சர் திரும்ப வருவதுண்டு. ஆபரேஷனுக்குப் பின் அந்த இடத்தில் கரண்ட் வைத்தால் (ரேடியேஷனை நம்மூரில் அப்படித்தானே சொல்கிறோம்) அது குறைகிறதா என்று பார்த்து, குறைகிறது என்று 2025ல் முடிவு சொன்னார்கள். கரண்ட் வைக்கும் வசதி அரசு ஆஸ்பத்திரிகளிலும் உண்டு என்பதால் இந்த முடிவு ஏழைக்கும் எட்டும்.

'சூடு' பாதி நிஜம்தான்!

இவ்வளவு திட்டிவிட்டு இதையும் சொல்லியாக வேண்டும். நம்ம பெரியவர்கள் 'சூடு' என்று சொன்னது முழுப் பொய்யும் இல்லை.

2023ல் சென்னை மெடிக்கல் காலேஜ் சிறுநீரக டாக்டர்கள் தமிழ்நாடு முழுக்க 125 கிராமங்களில் 3,350 விவசாயத் தொழிலாளர்களைப் பரிசோதித்தார்கள். 5 சதவீதத்துக்குச் சற்று மேல் ஆட்களுக்கு நாள்பட்ட கிட்னி பாதிப்பு. அவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு சர்க்கரையும் இல்லை, பிரஷரும் இல்லை. வெயிலில் உடம்பு காய்ந்து வேலை செய்வதன் மீதுதான் சந்தேகம். இலங்கையில் அனுராதபுரம், பொலன்னறுவை நெல் விவசாயிகளிடமும், ஆந்திராவின் உத்தானம் பகுதியிலும், மத்திய அமெரிக்கக் கரும்புத் தோட்டங்களிலும் இதே போல காரணம் பிடிபடாத கிட்னி நோய் வருஷக்கணக்காக ஆளைக் கொல்கிறது. நிகரகுவா நாட்டுக் கரும்புத் தோட்டத்தில் தண்ணீர், ஓய்வு, நிழல் மூன்றையும் வேலை நேரத்திலேயே கட்டாயமாக்கிப் பார்த்தார்கள். கிட்னி பாதிப்பு குறைந்தது. மருந்தே இல்லாத வைத்தியம்!

தமிழக அரசு 2024ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. ஆனால் நடவு வயலில் நிழல் எங்கே இருக்கிறது? நடவுக்கும் களைக்கும் இறங்கும் பெண்கள் தண்ணீரே குடிப்பதில்லை. குடித்தால் ஒன்னுக்கு வரும், ஒதுங்க மறைவு இல்லை. காலையில் இறங்கினால் மதியம் கரை ஏறும் வரை அடக்கி வைக்கிறார்கள். கல், தொற்று, கிட்னி பாதிப்பு எல்லாவற்றுக்கும் அங்கேயே விதை போட்டாச்சு. வரப்பு ஓரத்தில் நாலு கம்பு நட்டு ஒரு தார்ப்பாய் மறைப்புக் கட்ட மிராசுக்கு என்ன பெரிய செலவாகிவிடும்?

கல் விஷயத்திலும் தண்ணீர்தான் ராஜா. இத்தாலியில் முதல் முறை கல் வந்த 199 பேரை 5 வருஷம் கவனித்து 1996ல் முடிவு சொன்னார்கள். தினம் ரெண்டு லிட்டர் மூத்திரம் போகிற அளவுக்குத் தண்ணீர் குடித்தவர்களில் 12 சதவீதம் பேருக்குத்தான் கல் திரும்பியது. மற்றவர்களுக்கு 27 சதவீதம். கல் வராமல் தடுக்க ரொம்ப காலமாக எழுதிக் கொடுத்து வந்த ஒரு மாத்திரையை சுவிட்சர்லாந்தில் 416 பேரிடம் சோதித்தபோது, அது வெறும் மாத்திரையை விட மேல் இல்லை என்று 2023ல் தெரிந்தது. வாழைத்தண்டு கூட்டு தாராளமாகச் சாப்பிடுங்கள், நல்லதுதான். ஆனால் பெரிய கல்லை அது கரைக்கும் என்று நம்பி உட்காராதீர்கள். 'பீர் குடிச்சா கல்லு வந்துடும்' என்கிற டாஸ்மாக் வைத்தியத்துக்கோ ஆதாரமே கிடையாது. (கிட்னி ஏற்கெனவே பழுதானவர்கள், இதயம் வீக்கானவர்கள் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்று டாக்டரிடம் கேட்டே குடிக்க வேண்டும்.)

கல்லுக்காக உள்ளே ஸ்டென்ட் குழாய் வைத்திருந்தால், எடுக்க வேண்டிய தேதியை வீட்டுக் காலண்டரில் குறித்துவிடுங்கள். வலி போச்சே என்று மறந்து, வருஷம் கழித்து குழாயே கல்லாகிப் போய் வருகிறவர்கள் உண்டு.

ராத்திரி அஞ்சு தடவை எழுந்திருக்கும் தாத்தா

அடுத்தது பிராஸ்டேட். ஆண்களுக்கு மட்டும் மூத்திரப் பைக்குக் கீழே கொட்டைப்பாக்கை விடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும் சுரப்பி. வயசானால் வீங்கும். ராத்திரி நாலு அஞ்சு தடவை எழுப்பும், சொட்டுச் சொட்டாகப் போகும். பெரும்பாலும் இது சாதாரண வீக்கம். மாத்திரைக்கே அடங்கும். சிலருக்குத்தான் கேன்சர்.

பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனையில் நம்பர் ஏறியிருந்தால் உடனே 'கேன்சர், ஆபரேஷன்' என்று குடும்பமே அலறும். இங்கிலாந்தில் ஆரம்ப நிலை பிராஸ்டேட் கேன்சர் உள்ள 1,643 பேரை மூணு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஆபரேஷன், ஒரு பிரிவுக்கு கரண்ட், ஒரு பிரிவை சும்மா கண்காணிப்பில் வைத்தார்கள். 15 வருஷம் கழித்து 2023ல் வந்த முடிவு: மூணு பிரிவிலும் சேர்த்து இந்தக் கேன்சரால் செத்தவர்கள் 45 பேர்தான். நூற்றுக்கு மூணு பேர்கூட இல்லை! கண்காணிப்பில் இருந்தவர்களுக்குப் பரவுவது சற்று அதிகம், ஆனால் சாவில் பெரிய வித்தியாசமில்லை. அவசரப்பட்டு கந்து வட்டிக்கு வாங்கி ஆபரேஷனுக்கு ஓட வேண்டாம், யோசிக்க நேரம் உண்டு என்பதுதான் இதில் நமக்கான சேதி.

ஒரு எச்சரிக்கை. அவர்கள் எல்லாம் ரத்தப் பரிசோதனையில் முன்கூட்டியே கண்டுபிடிக்கப்பட்டவர்கள். நம்மூரில் இடுப்பு எலும்பு வலி, முதுகு வலி என்று தைலம் தேய்த்துத் தேய்த்து, எலும்பில் பரவிய பிறகு வருகிற தாத்தாவுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

5 நாளில் முடியுமா கரண்ட்?

கரண்ட் வைக்கிறவர்களுக்கு ஒரு நல்ல சேதி. பழைய முறையில் 20 முதல் 39 நாள் ஆஸ்பத்திரிக்குப் போகணும். வேதாரண்யம் பக்கத்தில் இருந்து தஞ்சாவூருக்கு அத்தனை நாள் பஸ்ஸில் வந்து போக முடியுமா? பாதியில் நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. 874 பேரிடம் நடந்த 'பேஸ்-பி' ஆராய்ச்சி முடிவு 2024 அக்டோபரில் வந்தது. ஒவ்வொரு நாளும் கூடுதல் அளவில், குறி பார்த்து 5 நாளில் முடித்தாலும் பலன் அதேதான். 5 வருஷம் கழித்து ரெண்டு பிரிவிலும் சுமார் 95 சதவீதம் பேருக்கு வியாதி திரும்பவில்லை.

அதற்குத் துல்லியமான மெஷினும் பழகிய ஆட்களும் வேண்டும். அந்த ஆராய்ச்சியில் இருந்தவர்களுக்கு ஆபத்து குறைந்த வகை, நடுத்தர வகைக் கட்டிதான். முற்றிய வகைக்கும் 5 நாள் போதுமா என்று பார்க்க டாடா மெமோரியல் தனியாக ஆராய்ச்சி தொடங்கியது. ஆனாலும், கரண்ட் எழுதிக் கொடுத்தால் "எனக்கு குறைஞ்ச நாள்ல முடியுமா டாக்டர்?" என்று கேட்டுவிடுங்கள். 39 நாள் எங்கே, 5 நாள் எங்கே. கூலிக்காரருக்கு இது ஒரு மாசத்துக்கு மேல் சம்பளம்.

4 மாத்திரைக்குப் பதில் 1

பரவிய பிராஸ்டேட் கேன்சருக்கு ஆண் ஹார்மோனை நிறுத்துவதுதான் வைத்தியம். 1941ல் சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ் கண்டுபிடித்த வழி. 1966ல் நோபல் பரிசு வாங்கினார். விதையை எடுக்கும் சின்ன ஆபரேஷன் ஒரு தடவையோடு முடியும். இல்லாவிட்டால் மாசத்துக்கோ மூணு மாசத்துக்கோ ஊசி, வருஷக்கணக்கில். பலர் மானப் பிரச்சினையாக நினைத்து ஊசிதான் வேண்டும் என்கிறார்கள். அப்புறம் காசில்லாமல் ஊசியை நிறுத்திவிடுகிறார்கள். அரைகுறை ஊசியை விட ஆபரேஷனே மேல் என்பது என் அபிப்ராயம். எடுத்தால் எடுத்ததுதான் என்பதால், வீட்டம்மாவோடு உட்கார்ந்து பேசி முடிவு பண்ண வேண்டிய விஷயம்.

இதோடு 'அபிராடெரோன்' மாத்திரையையும் ஆரம்பத்திலேயே சேர்த்தால் ஆயுள் கூடுகிறது என்று 2017ல் இங்கிலாந்து ஆராய்ச்சி காட்டியது. 3 வருஷம் தாண்டியவர்கள் 76ல் இருந்து 83 சதவீதமாக உயர்ந்தார்கள். தினம் வெறும் வயிற்றில் 250 மில்லிகிராம் மாத்திரை 4 போடணும். நம் நாட்டுக் கம்பெனிகள் தயாரித்தும் மாசாமாசம் சுமைதான்.

சாப்பாட்டோடு போட்டால் இந்த மருந்து பல மடங்கு அதிகமாக உடம்பில் ஏறும். அதையே உபாயமாக்கி, கொழுப்புக் குறைந்த காலைச் சாப்பாட்டோடு ஒரே ஒரு மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். 2018ல் வந்த முடிவில், 4 மாத்திரை வேலையை 1 மாத்திரை செய்தது. செலவு கால்வாசி! நாலு இட்லியோடு ஒரு மாத்திரை என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது 72 பேர் மட்டும் இருந்த சின்ன ஆராய்ச்சி. பார்த்தது பி.எஸ்.ஏ. நம்பரை, ஆயுளை அல்ல. அதனால் நீங்களாகவே குறைத்துக்கொள்ளாதீர்கள். வெறும் வயிறா, சாப்பாட்டோடா என்பது மாறினால் அளவே மாறி வம்பாகிவிடும். காசு இல்லாமல் மாத்திரையை நிறுத்தப் போகிறீர்கள் என்றால், நிறுத்தும் முன் டாக்டரிடம் இதைச் சொல்லிக் கேளுங்கள்.

மூணு மெடிக்கல் காலேஜ் இருக்கு

டெல்டாவில் இப்போது தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் என்று மூணு அரசு மெடிக்கல் காலேஜ். திருவாரூர் 2010ல் வந்தது, நாகை 2022ல் திறந்தது. தஞ்சை மெடிக்கலில் 150 கோடி ரூபாய் சூப்பர் ஸ்பெஷாலிட்டி கட்டடத்தை 2019 ஜனவரி 27ல் மதுரையில் இருந்தபடியே பிரதமர் திறந்து வைத்தார். 2012 முதல் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை. வருஷ வருமானம் 1 லட்சத்து 20 ஆயிரத்துக்குள் இருந்தால் சேரலாம். கார்டு இல்லாதவர்கள் வியாதி வரும் முன்பே எடுத்து வைப்பது நல்லது.

காப்பீடு ஆபரேஷன் செலவைக் கொடுக்கும். பஸ் செலவை, கூட வருகிற மகனின் கூலியை, அறுப்பு நேரத்தில் போன பத்து நாள் சம்பளத்தை யார் கொடுப்பார்கள்? வியாதியை மறைக்க வைப்பது வெட்கம் பாதி, இந்தக் கணக்கு மீதி. டிபி நோயாளிக்கு மாசாமாசம் சத்துணவுக்குப் பணம் கொடுக்க முடிகிற அரசுக்கு, கரண்ட் வைக்க வரும் கூலிக்காரருக்கு பஸ் பாசும் தங்க இடமும் கொடுப்பது முடியாத காரியமா?

ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் காலையிலேயே ஓ.பி. சீட்டு போட்டு யூராலஜி டாக்டரைப் பாருங்கள். எத்தனை நாளாக ரத்தம், வலி இருந்ததா, பீடி எத்தனை வருஷம் என்று மூணையும் மறைக்காமல் சொல்லுங்கள். மூத்திர டெஸ்டும் ஸ்கேனும் எடுப்பார்கள். ஸ்கேனில் ஒன்றும் தெரியாவிட்டாலும், குழாய் விட்டுப் பார்க்கும் சிஸ்டோஸ்கோப்பி டெஸ்ட் எழுதினால் பயந்து ஓடி வந்துவிடாதீர்கள். சின்னக் கட்டி ஸ்கேனில் தப்பிவிடும், அதில் தப்பாது. பழைய ரிப்போர்ட் இருந்தால் மறக்காமல் கையோடு எடுத்துப் போங்கள்.